பிடிபிடிஎன் கடன்: கட்டாதவர் யார், கட்ட முடியாதவர் யார்?

தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டிய நாள் நெருங்கும்போதுதான் பல குடும்பங்களுக்குப் பிடிபிடிஎன் என்ற பெயர் மறுபடியும் நினைவுக்கு வருகிறது. அப்பாவுக்கு 60 வயது ஆகப் போகிறது. வேலை முடிந்தால் வீடும் இல்லை. பக்கத்துப் பட்டணத்தில் ஒரு மலிவு விலை வீடு பார்த்தாயிற்று. வங்கிக் கடன் எடுக்கத் தோதான சம்பளச் சீட்டு வீட்டில் ஒருவரிடம்தான் இருக்கிறது, பட்டம் படித்த மூத்த பிள்ளையிடம். வங்கியில் இருப்பவர் கணினியைத் தட்டிப் பார்க்கிறார். "பிடிபிடிஎன் நிலுவை நிறைய இருக்கிறதே" என்கிறார். விண்ணப்பம் அதோடு நின்றுவிடுகிறது.

ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் போட்டால் ரவாங், சுங்கை சிப்புட், கூலிம் என எங்கும் கேட்கக்கூடிய நிலைமைதான் இது. ஆனால், பிடிபிடிஎன் கடனைப் பற்றிய பொதுவிவாதம் பெரும்பாலும் இந்தப் பக்கம் வருவதில்லை. "அரசாங்கப் பணத்தில் படித்துவிட்டு வெளிநாடு சுற்றுகிறார்கள், விமான நிலையத்திலேயே பிடித்து நிறுத்த வேண்டும்" என்பது ஒரு தரப்பு. "படிக்க வைப்பது அரசாங்கத்தின் கடமை, எல்லாவற்றையும் தள்ளுபடி செய்" என்பது இன்னொரு தரப்பு. 2018ஆம் ஆண்டு நீக்கப்பட்ட பயணத் தடையைத் திரும்பக் கொண்டுவரலாமா என்ற பேச்சு அண்மைக் காலமாக மீண்டும் எழுந்திருப்பதால், இரண்டு தரப்பும் சூடாகவே இருக்கின்றன.

தேசிய உயர்கல்வி நிதிக் கழகம், அதாவது பிடிபிடிஎன், 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. இதுவரை ஏறக்குறைய 40 லட்சம் பேருக்கு 7,000 கோடி வெள்ளிக்கு மேல் கடன் கொடுத்திருக்கிறது. இந்தப் பணம் அரசாங்கக் கஜானாவிலிருந்து நேராக வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். கழகமே சந்தையில் கடன் வாங்கித்தான் மாணவர்களுக்குக் கொடுக்கிறது. அந்தக் கடனுக்கு அரசாங்கம் உத்தரவாதம். அந்தக் கணக்கு மட்டுமே ஏறக்குறைய 4,000 கோடி வெள்ளி. மாணவரிடம் கழகம் வாங்குவது ஆண்டுக்கு 1 விழுக்காட்டுச் சேவைக் கட்டணம். தான் வாங்கிய கடனுக்கு அது கட்டும் வட்டியோ அதைவிட அதிகம். எல்லாரும் ஒழுங்காகக் கட்டினால்கூட அரசாங்கம் கைப்பணம் போட்டால்தான் கணக்கு சரிவரும். கட்டாதவர்கள் கூடக் கூட ஓட்டை பெரிதாகிறது.

ஓட்டை பெரிதானால் யாருக்கு அடி விழும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 2014ஆம் ஆண்டு நவம்பரில், நிதிச் சுமையைக் காரணம் காட்டிக் கடன் தொகை குறைக்கப்பட்டது. அரசாங்கப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு 5 விழுக்காடு, தனியார் கல்லூரி மாணவர்களுக்கு 15 விழுக்காடு. அந்தக் குறைப்பு நடைமுறைக்கு வந்தபோது, பழைய கடன்காரர்கள் யாருக்கும் ஒரு காசுகூட நட்டமில்லை. அப்போதுதான் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடித்து வெளியே வந்த பிள்ளைகள்தாம் அந்த 15 விழுக்காட்டை வேறு எங்காவது தேட வேண்டியிருந்தது. ஆகவே, "நான் கட்டாவிட்டால் யாருக்கு என்ன நட்டம்" என்ற கேள்விக்குப் பதில் உண்டு. தன் சொந்தத் தம்பி தங்கைக்கு நட்டம்.

தனியார் கல்லூரிக்கு 15 என்று சொல்லும்போதே நம் சமூகத்தின் தனிக்கதை தொடங்கிவிடுகிறது.

தமிழ்ப் பிள்ளைகளில் கணிசமானோர் தனியார் கல்லூரிகளுக்குப் போவது அவர்கள் விரும்பியதால் மட்டுமல்ல. மெட்ரிகுலேஷன் கல்லூரிகளில் பூமிபுத்ரா அல்லாதோருக்கு 10 விழுக்காட்டு இடங்கள்தாம். 2018ஆம் ஆண்டு இந்திய மாணவர்களுக்குக் கூடுதல் இடங்கள் கொடுக்கப்பட்டன. 2024ஆம் ஆண்டு முதல் எஸ்.பி.எம். தேர்வில் 10ஏ எடுத்த எல்லாருக்கும் இனப் பாகுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் என்ற முடிவு வந்தது. நல்ல முடிவுதான். ஆனால் 7ஏ, 6ஏ எடுத்த தோட்டத்துப் பிள்ளையின் நிலை அப்படியேதான் இருக்கிறது. எஸ்.டி.பி.எம். கடினம் என்று பயந்து, பக்கத்து ஊர் மண்டபத்தில் கல்விக் கண்காட்சி நடத்த வந்த கல்லூரியில் பெயர் கொடுத்துவிடுகிறது. "கட்டணத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், பிடிபிடிஎன் இருக்கிறது" என்று அங்கே உட்கார்ந்திருப்பவர் சொல்கிறார். இலவச மடிக்கணினி கொடுத்து ஆள் சேர்த்த கல்லூரிகளும் உண்டு. அந்த மடிக்கணினிக்கான பணமும் யார் தலையில் விழுந்தது என்பதைப் பெற்றோர் பின்னால்தான் புரிந்துகொண்டார்கள். அப்படிச் சேர்ந்த சில படிப்புகள் வேலைச் சந்தையில் விலைபோகவே இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படித்த ஒருவர் 27,000 வெள்ளி கடன் எடுத்திருந்தால், கழகத்தின் அட்டவணைப்படி 15 ஆண்டுகளில் கட்ட வேண்டும். ஆண்டுக்கு 1 விழுக்காடு என்றால் கட்டணம் 4,050 வெள்ளி. மொத்தம் 31,050. மாதத் தவணை 172 வெள்ளி 50 காசு. தனியார் கல்லூரியில் படித்தவர் 60,000 வெள்ளி எடுத்திருந்தால் 20 ஆண்டுகள், மொத்தம் 72,000, மாதம் 300 வெள்ளி.

இருவருக்கும் தொடக்கச் சம்பளம் 2,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், சேமநிதியும் சொக்சோவும் போகக் கைக்கு வருவது ஏறக்குறைய 1,770. இப்போதைய குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி என்பதால், பட்டதாரிக்கு 2,000 என்பது மிகையான கற்பனை அல்ல. முதலாமவருக்குக் கைச்சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு போகிறது. இரண்டாமவருக்கு ஆறில் ஒரு பங்கு. கிள்ளானிலோ பூச்சோங்கிலோ அறை வாடகை, மோட்டார் தவணை, பெட்ரோல், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போன பிறகுதான் இது.

இங்கே ஒன்றைப் பட்டவர்த்தனமாகச் சொல்ல வேண்டும். மாதக் கடைசியில் பணம் போதாதபோது குடும்பங்கள் கடன்களை வரிசைப்படுத்துகின்றன. மோட்டார் தவணை கட்டாவிட்டால் வண்டியை இழுத்துப் போய்விடுவார்கள். வாடகை தராவிட்டால் பெட்டி வெளியே வரும். வட்டி முதலையிடம் வாங்கியிருந்தால் சொல்லவே வேண்டாம், வாசலில் சாயத்தை ஊற்றிவிட்டுப் போவான். பிடிபிடிஎன் கடிதம் மட்டும்தான் அனுப்பும். அதனால் அது எப்போதும் வரிசையின் கடைசியில் நிற்கிறது. இதை ஒழுக்கக் கேடு என்று திட்டுவது சுலபம். ஆனால் கையில் 200 வெள்ளி மட்டும் மிஞ்சியிருக்கிற எவரும் செய்வதுதான் அது.

அதே நேரத்தில், நம்மிடையே வேறொரு கூட்டமும் இல்லாமல் இல்லை. கைநிறையச் சம்பளம், இரண்டு கார், வருடம் ஒரு முறை சென்னைக்கும் பாலிக்கும் பயணம். பிடிபிடிஎன் நிலுவை மட்டும் அப்படியே. "அடுத்த தேர்தலில் தள்ளுபடி செய்துவிடுவார்கள், எதற்கு இப்போது கட்ட வேண்டும்" என்று வெளிப்படையாகவே சொல்பவர்கள். இவர்களுக்கு அந்த நம்பிக்கையை ஊட்டியதில் அரசியல்வாதிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 2018ஆம் ஆண்டு மே மாதப் பொதுத்தேர்தலில், சம்பளம் 4,000 வெள்ளியைத் தொடும் வரை கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, கறுப்புப் பட்டியலும் நீக்கப்படும் என்று பக்காத்தான் ஹராப்பான் வாக்குறுதி தந்தது. ஆட்சிக்கு வந்ததும் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பயணத் தடைப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. 4,000 வெள்ளி வாக்குறுதி மட்டும் காற்றோடு போயிற்று. எளிதாகக் கொடுக்கக்கூடியது கிடைத்தது, செலவு பிடிப்பது கிடைக்கவில்லை.

பயணத் தடை நியாயமா என்ற கேள்விக்கு வருவோருக்கு ஜோகூர் பாருவைக் காட்டினால் போதும். அதிகாலை நான்கு மணிக்கே மோட்டாரில் கிளம்பி உட்லண்ட்ஸ் பக்கம் வேலைக்குப் போகும் ஆயிரக்கணக்கானோரில் நம் இளைஞர்களும் இருக்கிறார்கள். தடை இருந்த காலத்தில், கறுப்புப் பட்டியலில் பெயர் உள்ளவர் குடிநுழைவு முகப்பைத் தாண்ட முடியாது. கடனைக் கட்டுவதற்குச் சம்பாதிக்கப் போகும் பாதையையே அந்தத் தடை அடைத்துவிட்டது. பாலிக்குச் சுற்றுலா போகிறவருக்கும் உட்லண்ட்ஸ் தொழிற்சாலைக்குப் போகிறவருக்கும் கடப்பிதழில் வித்தியாசம் தெரியாது. வருமானத்தைப் பார்க்காத எந்தத் தண்டனைக்கும் இதே குறை இருக்கும். இனி தடை வந்தால், கட்டும் வசதி இருந்தும் கட்டாதவருக்கு மட்டும் என்று அது வர வேண்டும். யாருக்கு வசதி இருக்கிறது என்பதை எந்தத் துறை, எந்தப் பதிவேட்டை வைத்து முடிவு செய்யும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தண்டனையில் மட்டும் அல்ல, சலுகையிலும் இதே குறைதான். வரவு செலவுத் திட்டங்களில் பல முறை தள்ளுபடி அறிவிக்கப்பட்டிருக்கிறது. முழுக் கடனையும் ஒரே தடவையில் கட்டினால் 10, 15, சில சமயம் 20 விழுக்காடு வரை கழிவு. செய்தியாகப் படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. 27,000 வெள்ளியை மொத்தமாக எடுத்து வைக்கக்கூடியவர் யார்? 20 விழுக்காட்டுக் கழிவு கிடைத்தால் அவருக்கு 5,400 வெள்ளி மிச்சம். மாதம் 172 வெள்ளியை இழுத்துப் பறித்துக் கட்டுகிறவருக்கு அந்தக் கழிவு இல்லை. சம்பளப் பிடித்தம் வழி கட்டுவோருக்கும் சிறு கழிவு கொடுத்ததுண்டு, ஆனால் பெரிய பங்கு எப்போதும் பணம் வைத்திருப்பவருக்குத்தான். எஸ்எஸ்பிஎன் சேமிப்புக்கு ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை வருமான வரிக் கழிவு உண்டு என்பதும் இதே ரகம். வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே இல்லாத தோட்டத் தொழிலாளிக்கு அந்த 8,000த்தால் என்ன பயன்?

இவை எல்லாவற்றையும்விட ஓசைப்படாமல் வேலை செய்வது சிசிரிஸ். பேங்க் நெகாரா நடத்தும் இந்தக் கடன் தகவல் முறையில் 2015 முதல் பிடிபிடிஎன் விவரங்களும் சேர்க்கப்பட்டன. விமான நிலையத் தடைக்கு ஆர்ப்பாட்டம் நடந்தது, சிசிரிஸுக்கு அந்த அளவு எதிர்ப்பு இல்லை. ஆனால் தோட்டத்தை விட்டு வெளியேறும் குடும்பத்துக்குப் பெரிய அடி இங்கிருந்துதான் விழுகிறது. வெளிநாட்டுப் பயணம் போகாமல் வாழ்ந்துவிடலாம். வீடு இல்லாமல் எங்கே போவது? மூன்று தலைமுறை மரம் சீவிய, குலை வெட்டிய குடும்பத்தில் முதல் முறையாகச் சொந்த வீட்டுக்கு மனு போடும் தகுதி ஒரு பிள்ளைக்கு வந்திருக்கிறது. அந்தத் தகுதியைத் தந்த படிப்புக்காக வாங்கிய கடனே அந்த மனுவையும் தடுக்கிறது. வீடு கிடைக்காமல் வாடகைக்குப் போகும் குடும்பம் மாதம் 600, 700 வெள்ளி வாடகை கொடுக்கிறது. அப்புறம் பிடிபிடிஎன் தவணைக்கு எங்கிருந்து பணம் வரும்?

ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களின் பயம் தனி. பல ஆண்டுகளுக்கு முன் அப்பாவோ மாமாவோ கையெழுத்துப் போட்டிருப்பார். வழக்கறிஞர் கடிதம் வந்ததும் "என்னையும் நொடித்துப் போனவன் என்று அறிவித்துவிடுவார்களா" என்று கேட்கிறார். இதில் பலருக்குத் தெரியாத ஒரு பாதுகாப்பு உண்டு. 2017ஆம் ஆண்டு திருத்தப்பட்ட திவால் சட்டத்தின்படி, லாப நோக்கமின்றிக் கல்விக் கடனுக்கு ஜாமீன் நின்றவர் சமூக உத்தரவாதி என்ற வகையில் சேர்கிறார். அவர் மீது திவால் நடவடிக்கை எடுக்க முடியாது. கடன் வாங்கியவர் மீதுகூட, நிலுவை 100,000 வெள்ளியை எட்டினால்தான் இப்போது அந்த நடவடிக்கைக்கு இடம். முன்பு அந்த வரம்பு 30,000 ஆக இருந்தது, பிறகு 50,000 ஆனது. இதற்காகக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட முடியாது. கடனை வசூலிக்க வழக்குப் போடும் உரிமை கழகத்துக்கு இருக்கவே செய்கிறது. ஜாமீன்காரரையும் அதில் இழுக்கலாம். திவால் என்ற பூச்சாண்டிதான் இல்லை.

நியாயமான வழி ஒன்றை இந்த நாடு ஒரு முறை தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டது. 2018 டிசம்பரில், அப்போதைய பிடிபிடிஎன் தலைவர் வான் சைபுல் வான் ஜான் காலத்தில், சம்பளத்திற்கு ஏற்ப 2 முதல் 15 விழுக்காடு வரை பிடித்தம் செய்யும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2,000 வெள்ளியிலிருந்து தொடக்கம். 4,000 வெள்ளி வாக்குறுதி மீறப்பட்டது என்ற கோபம் கிளம்பியதும் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் கணக்கைப் பார்த்தவர்கள் குறைவு. 2,000 வெள்ளிச் சம்பளத்தில் 2 விழுக்காடு என்றால் மாதம் 40 வெள்ளி. பழைய அட்டவணையில் அதே ஆள் கட்ட வேண்டியது 172 வெள்ளி 50 காசு. குறைந்த சம்பளக்காரர்களுக்கு மூச்சுவிட இடம் கொடுத்திருக்கக்கூடிய திட்டம், குறைந்த சம்பளக்காரர்கள் பெயராலேயே விரட்டப்பட்டது.

அதிலும் ஓட்டை இருந்தது என்பது உண்மைதான். 27,000 வெள்ளிக் கடனுக்குச் சேவைக் கட்டணமே மாதம் 22 வெள்ளி 50 காசு வரும். 40 வெள்ளி கட்டினால் அசலில் 17 வெள்ளி 50 காசுதான் கழியும். அந்த வேகத்தில் பேரன் பிறந்த பிறகும் கடன் இருக்கும். ஆகவே சம்பளத்துக்கு ஏற்ற தவணையோடு, குறைந்த சம்பளக் காலத்தில் சேவைக் கட்டணத்தை நிறுத்தி வைப்பதும், இத்தனை ஆண்டு கட்டியாயிற்று என்றால் மிச்சத்தைக் கழித்துவிடுவதும் சேர்ந்தே வர வேண்டும். ஆஸ்திரேலியா 1989ஆம் ஆண்டிலேயே சம்பளத்தைப் பார்த்து வரி வழியாக வசூலிக்கும் முறைக்குப் போய்விட்டது. இங்கே வருமான வரி வாரியமும் சேமநிதி வாரியமும் இருக்கின்றன, யார் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்ற விவரம் அரசாங்கத்தின் கையிலேயே இருக்கிறது. சிங்கப்பூரில் வேலை செய்பவர், உணவு விநியோகம் செய்பவர் ஆகியோரின் வருமானத்தைக் கணக்கிடுவது சிக்கல்தான். அதற்காக மாதச் சம்பளக்காரர்களுக்கும் செய்யாமல் இருப்பானேன்? 2023 வரவு செலவுத் திட்டத்தில் 1,800 வெள்ளியும் அதற்குக் கீழும் சம்பாதிப்போர் ஆறு மாதம் தவணையை ஒத்திவைக்கலாம் என்று சலுகை தரப்பட்டதே, சம்பளத்தைப் பார்க்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

சட்டம் மாறும் வரை குடும்பங்கள் காத்திருக்க முடியாது. நடைமுறையில் செய்யக்கூடியவை சில இருக்கின்றன, நம்மவர்கள் அவற்றைப் பயன்படுத்துவது குறைவு. 2008க்கு முன் கடன் எடுத்தவர்கள் பழைய 3 விழுக்காட்டுக் கட்டணத்திலேயே இன்னும் இருக்கலாம். அதை 1 விழுக்காட்டு உஜ்ரா முறைக்கு மாற்ற விண்ணப்பிக்கும் வழி திறக்கப்பட்டது. தன் கணக்கு எந்த வகை என்று பார்க்காமலேயே பத்துப் பதினைந்து ஆண்டு ஓட்டியவர்கள் உண்டு. முழுத் தவணை கட்ட முடியாதவர் கழகத்தின் கிளைக்குப் போய்க் கடனை மறுசீரமைக்கக் கேட்கலாம். தவணை குறையும், காலம் கூடும். வீட்டுக் கடனுக்கு மனு போட நினைப்பவர் இதைக் கடைசி வாரத்தில் செய்தால் பயனில்லை. சிசிரிஸ் அறிக்கை கடந்த 12 மாதக் கட்டண ஒழுங்கைக் காட்டுவது. எனவே ஓராண்டுக்கு முன்பே புதிய தவணையைத் தொடங்கி, ஒரு மாதமும் தவறாமல் கட்டி வந்தால் வங்கியில் பேசுவதற்கு ஏதாவது இருக்கும். கடிதத்தைப் பிரிக்காமலேயே அலமாரியில் செருகி வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். வெட்கம்தான் காரணம். பட்டம் வாங்கிய நாளில் தோட்டமே திரண்டு வந்து வாழ்த்திய பிள்ளைக்கு, நிலுவைக் கடிதத்தை அம்மாவிடம் காட்ட மனம் வராது.

தோட்டத்துப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற வேகம் 1980களில் எழுந்தது. ஸ்ரீ முருகன் கல்வி நிலையம் தொடங்கியது 1982ஆம் ஆண்டில். உள்ளே அனுப்புவதில் காட்டிய அக்கறையில் கால் பங்கைக்கூட, வெளியே வந்த பிறகு கடனை எப்படிச் சமாளிப்பது என்பதில் நம் இயக்கங்கள் காட்டவில்லை. கோயில் மண்டபங்களில் எஸ்.பி.எம். கருத்தரங்கு நடக்கிறது, உபகாரச் சம்பள விளக்கக் கூட்டம் நடக்கிறது. ஒரு சனிக்கிழமை காலை பிடிபிடிஎன் கிளை அதிகாரி ஒருவரை அழைத்து வந்து, ஆளுக்கு ஒரு மேசை போட்டு, நிலுவைக் கணக்கைப் பார்த்துக் கொடுக்கும் கூட்டம் நடந்தால் அதற்குக் கூட்டம் குறைவாக இருக்காது.

வங்கியிலிருந்து திரும்பிய அந்த மூத்த பிள்ளையின் வீட்டில் இப்போது தங்கைக்கு எஸ்.டி.பி.எம். முடிவு வந்திருக்கக்கூடும். அவளும் பிடிபிடிஎன்னுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முதலில் எஸ்எஸ்பிஎன் கணக்கு திறக்க வேண்டும். அண்ணனிடம்தான் வந்து கேட்பாள், எவ்வளவு எடுக்கலாம் என்று. முழுத் தொகையையும் எடுக்காதே, கட்டணத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் எடு என்று அவன் சொல்லக்கூடும். அவனுக்கு அதை அப்போது சொல்ல ஆள் இல்லை.